கப்பலில் ஏறிய பெயர்

பாலவனத்தத்தில் மாஸ்கோவுக்கு ஒரு கிளை இருந்ததென்றால் அது லாரன்ஸின் வீடுதான். சுவரில் பனி கொட்டும் ஊரின் படம் போட்ட காலண்டர் தொங்கும். அதற்குக் கீழே, மழை பொய்த்த ஊரில், வேர்வையில் பனியனை நனைத்துக்கொண்டு லாரன்ஸ் உட்கார்ந்திருப்பான். மாஸ்கோ வானொலியின் தமிழ் ஒலிபரப்புக்கு அவன் நேயர் மன்றம் வைத்திருந்தான். உறுப்பினர்கள் பதினோரு பேர். ஏழு பேர் காலண்டருக்காகச் சேர்ந்தவர்கள். மூன்று பேர் சேர்ந்ததையே மறந்துபோனவர்கள். மிச்சம் செயலாளர், அதாவது லாரன்ஸ்.

செயலாளர் பகலில் அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓட்டினார். எட்டு மணி நேரம் தறிச் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவனுக்கு ரேடியோக் கரகரப்பு தாலாட்டு மாதிரி. ‘தங்கள் ஒலிபரப்பு மிகத் தெளிவாகக் கேட்கிறது’ என்று மாதம் தவறாமல் எழுதிப் போடுவான். ஒருநாளும் தெளிவாகக் கேட்டதில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து தொண்டை வறளப் பேசுகிறவர்கள் மனம் நோகக் கூடாதே என்றுதான் அப்படி எழுதினான்.

அந்தக் கடிதங்களில் மூன்றை மாஸ்கோ வாசித்தது. “பாலவனத்தத்திலிருந்து நேயர் லாரன்ஸ் எழுதுகிறார்” என்று ஒரு பெண்குரல் சொன்னபோது தெருவே வாசலில் நின்று கேட்டது. அன்றிலிருந்து ஊருக்கு ஒரு நம்பிக்கை விழுந்துவிட்டது. ரேடியோவில் நம் ஆட்கள் பெயரை வாசிப்பார்கள். வேண்டியவர்களாக இருந்தால் ஊர்ப் பெயரோடு வாசிப்பார்கள்.

இதை ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள் பஸ் ஸ்டாப்பில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்த வெள்ளத்துரை. அவன் லண்டன் கட்சி. பஞ்சர் ஒட்டும் கடையில் லண்டன் தமிழ்ச் செய்திதான் ஓடும்.

“ஏலே, ஒங்காளு ஆப்கானிஸ்தானை விட்டு எப்பக் கெளம்புறான்?” என்பான்.

“ஒங்காளு அமெரிக்காக்காரனுக்குக் கொடை பிடிக்கிறத எப்ப விடுறானோ அப்ப” என்பான் லாரன்ஸ்.

உலகம் இரண்டாகப் பிரிந்து கிடந்ததற்குப் பாலவனத்தத்தின் பங்களிப்பு இவ்வளவுதான். பிறகு இரண்டு வல்லரசுகளும் ஒரு டீயை வாங்கி இரண்டு கிளாஸில் ஊற்றிக் குடிக்கும்.

எண்பத்தாறாம் வருஷம் பொங்கலுக்கு முந்தின நாள், ஏடனில் சண்டை மூண்டது.

ஏடன் லாரன்ஸுக்கு வெறும் செய்தி இல்லை. தங்கச்சி பிலோமியின் வீட்டுக்காரர் யேசுதாசன் அங்கே துறைமுகப் பட்டறையில் டீசல் மெக்கானிக். போய் ஒரு வருஷம் ஆகிறது. அவர் போனபிறகு பிறந்த அஷ்லினுக்கு இப்போது ஆறு மாதம். பிலோமி மாமியார் ஞானப்பூவோடு அடுத்த தெருவில் இருந்தாள்.

ஏமன் என்கிற அந்த நாடு அப்போது இரண்டு துண்டு. வடக்குத் துண்டு ஒரு பக்கம், தெற்குத் துண்டு மாஸ்கோ பக்கம். ஏடன் தெற்கில் இருந்தது. வடக்கும் தெற்கும் மோதிக்கொண்டிருந்தால் லாரன்ஸ் யோசிக்காமல் கட்சி கட்டியிருப்பான். ஆனால் இப்போது சண்டை தெற்குக்குள்ளேயே. சுடுகிறவனும் மாஸ்கோவுக்கு வேண்டியவன், சுடப்படுகிறவனும் வேண்டியவன். எந்தப் பக்கம் நிற்பது என்று மாஸ்கோவுக்கே குழப்பமாக இருந்திருக்கும். பாலவனத்தம் கிளை என்ன செய்யும்?

“மாப்பிள எந்தப் பக்கம்லே?” என்று வெள்ளத்துரை கேட்டான். அவன் குரலில் கிண்டல் இல்லை.

“டீசல் பக்கம்” என்றான் லாரன்ஸ். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். வாய் கோணியது, சிரிப்பு வரவில்லை.

பொங்கலன்று காலை டெல்லிச் செய்தியைக் கேட்டதிலிருந்து பிலோமி சாப்பிடவில்லை. ஞானப்பூவும் சாப்பிடவில்லை. மருமகள் சாப்பிடட்டும் என்று மாமியாரும், மாமியார் சாப்பிடட்டும் என்று மருமகளும் கடுங்காப்பியிலேயே நான்கு நாளை ஓட்டினார்கள். பிலோமிக்குப் பால் வற்றிவிட்டது. அஷ்லின் அழுத அழுகை இரண்டு தெருவுக்குக் கேட்டது. தினமும் சாயங்காலம் பிலோமி பிள்ளையை இடுப்பில் போட்டுக்கொண்டு வந்து ரேடியோவுக்கு முன்னால் உட்காருவாள்.

“என்னண்ணே சொல்றான்?”

“இருத்தா, இப்பத்தான ஆரம்பிச்சிருக்கான்.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரேடியோவில் கரகரப்பும் நடுநடுவே ஒரு பாட்டும்தான் கிடைத்தன. ஏடன் என்ற சொல்லே காதில் விழவில்லை. லாரன்ஸ் முள்ளை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நகர்த்தினான். பிள்ளை வறண்ட மார்பைச் சப்பிப் பார்த்துவிட்டு வீறிட்டது. பிலோமி அதை அதட்டக்கூடத் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்தாள். அவள் உதடு வெடித்திருந்ததை லாரன்ஸ் பார்த்தான்.

“சொல்லிட்டான்” என்றான்.

“என்னது?”

“இந்தியாக்காரவுகளையெல்லாம் கப்பல்ல ஏத்தியாச்சாம்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாயை மூடத் தெரியாதவன் என்று அவனைப் பெற்றவளே சொன்னதுண்டு. பிலோமி நிமிர்ந்து, “பேரு வாசிச்சானாண்ணே?” என்று கேட்டாள். கேட்ட கண்ணைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல அவனால் முடியவில்லை.

“வாசிச்சான். பாலவனத்தம் யேசுதாசன்னு, சுத்தமா.”

பிலோமி எழுந்து அடுப்படிக்குப் போய், மூடி வைத்திருந்த பழைய சோற்றை வழித்து ஐந்தாறு கவளம் தின்றாள். விக்கியது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தின்றாள். அண்ணன்காரன் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன்னைப் போல ஒரு கெட்டிக்காரன் இந்தத் தாலுகாவிலேயே கிடையாது என்று நினைத்தான்.

அந்த நினைப்பு ஞாயிற்றுக்கிழமை வரை நீடித்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிகிற நேரம் ஞானப்பூ எழுந்து நின்று நேர்த்திக்கடனாக ஒரு பொருத்தனை சொல்லிவிட்டாள். மகனைக் கடலில் கைதூக்கி எடுத்த கர்த்தருக்கு அடுத்த ஞாயிறு அசனம். ஊரையே உட்கார வைத்துச் சோறு போடப்போகிறாள். இரண்டு ஆட்டுக்கடா, மூன்று மூட்டை அரிசி. அமெரிக்கா மிஷன் வெள்ளைக்காரர்கள் காலத்துக் கோயில் அது. அதற்குள் மாஸ்கோவுக்குத் தோத்திரம் ஏறிவிடுமோ என்று பாதிரி ஐயருக்குக் கொஞ்சம் கலக்கம். “தோத்திரம் கர்த்தருக்கு மட்டுந்தான், அதை நல்லா வெளங்கிக்கிறணும்” என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு, “சகோதரர் லாரன்ஸ் அன்னைக்குச் சாட்சி சொல்வாக” என்றும் சேர்த்துக்கொண்டார்.

லாரன்ஸ் பெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை தறி ஷெட்டில் யாரோ வடை சுற்றிக்கொண்டு வந்த பேப்பரில் அந்தச் செய்தி இருந்தது. ஏடனில் சிக்கியவர்களின் குடும்பத்தார் பெயர் விவரம் கொடுக்கலாம். விருதுநகர் கலெக்டர் ஆபீஸில் வாங்கி டெல்லிக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து தேடச் சொல்வார்கள். வெள்ளிக்கிழமைக்குள் மனு வர வேண்டும். பாஸ்போர்ட் நம்பர் வேண்டும். மனைவி இருந்தால் மனைவியின் கையெழுத்து வேண்டும்.

எண்ணெய்க் கறைக்கு நடுவே அதை மூன்று தடவை படித்தான். நூல் அறுந்து தறி நின்றதுகூட அவனுக்குத் தெரியவில்லை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே பிலோமியிடம் போனான். அவள் அஷ்லினைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது.

“கலெக்டர் ஆபீஸ்ல பேரு வாங்குறாகளாம்த்தா. ஒரு மனு குடுத்து வச்சிருவோம்.”

“எதுக்குண்ணே? அவுகதான் கப்பல்ல ஏறிட்டாகளே.”

“இருந்தாலும் ஒரு பேச்சுக்கு...”

“வேணாம்ண்ணே. தேடுறவுக எத்தன பேரத்தான் தேடுவாக? நம்ம பேரக் குடுத்தா, பாவம், கடைசியில நிக்கிற ஒருத்தரத் தேடாம விட்டுருவாக. அவுகளத் தேடட்டும்.”

கடைசியில் நிற்கிற ஒருத்தர் யார் என்று அண்ணனுக்கு மட்டும் தெரியும். பிள்ளையின் தலையில் அவள் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். உண்மையைச் சொன்னால் இவள் மறுபடி சுவரில் சாய்வாள், பிள்ளை வீறிடும், ஞானப்பூ என்ன ஆவாளோ. சொல்லாவிட்டால் ஏடனில் மாப்பிள்ளையைத் தேட ஆளில்லை. சாவி போட்டுப் பூட்டிய அறையில் சாவியையும் தானே விழுங்கிவிட்டு உட்கார்ந்திருப்பவனைப் போலிருந்தது அவனுக்கு.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு யோசனை தோன்றினால் அது எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. புதன்கிழமை வேலைக்குப் போகாமல் மனுவை எழுதினான். எழுதியதை மடித்து, கீழ்ப்பாதி மட்டும் தெரிகிற மாதிரி பிலோமியிடம் நீட்டினான்.

“மாஸ்கோவுக்கு ஒரு நன்றிக் கடுதாசி. வீட்டுக்காரி கையெழுத்துப் போட்டா மருவாதியா இருக்கும். இந்தா, இங்ஙன போடு.”

பிலோமி பத்தாவது படித்தவள். மளிகைச் சாமான் சுற்றி வந்த தாளைக்கூட விரித்துப் படித்துவிட்டுத்தான் எறிவாள். அண்ணன் அதை மறந்துபோனான். அவள் மடிப்பைப் பிரித்தாள்.

‘...கணவர் உயிருடன் இருக்கிறாரா என்ற தகவல் இன்றுவரை எங்களுக்குக் கிடைக்காத நிலையில்...’

அவள் அந்த வரியைத் தாண்டவில்லை. உள்ளே ஞானப்பூ அசனத்துக்கு மிளகாய் வற்றல் காம்பு கிள்ளிக்கொண்டு பாமாலை பாடிக்கொண்டிருந்தாள்.

“ரேடியோவுல பேரு வரலையா?” பிலோமி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“வரலத்தா.”

“கப்பலு?”

“தெரியாது.”

“என்னதான் சொன்னான்?”

“பாட்டு போட்டான்.”

அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பேனாவை வாங்கி, பிள்ளையின் முதுகில் தாளை வைத்து, கையெழுத்துப் போட்டாள். பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட் நம்பர் எழுதிய துண்டுச்சீட்டை எடுத்துக் கொடுத்தாள்.

“நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுக்குப் போ. அத்தைகிட்ட மூச்சு விடாத. இப்பத்தான் ரெண்டு வாய் திங்கிறாக.”

“அசனம்?”

“நடக்கட்டும். நிப்பாட்டுனா ஏன்னு கேப்பாகல்ல? நீ கட்டுன வேலி. இனிமே ரெண்டு பேரும் உள்ளதான் கெடக்கணும்.”

அப்போதுதான் வெள்ளத்துரை வந்தான். கையெல்லாம் கிரீஸ், முகமெல்லாம் சிரிப்பு. வாசலிலிருந்தே, “பெரியம்மா! லண்டன்லயும் சொல்லிட்டான். ராணியம்மாவோட சொந்தக் கப்பலே ஏடன் கரைக்குப் போயி ஆளேத்துதாம். பாலவனத்தம் யேசுதாசன்னு பேரும் வாசிச்சான்!” என்று கத்தினான்.

ஞானப்பூ மிளகாய் முறத்தோடு ஓடிவந்தாள். “எஞ்சாமி! ரெண்டு ஊர்க்காரனுமா சொல்லிட்டான்?” என்று அவன் கிரீஸ் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

லாரன்ஸுக்கு உடம்பு சிலிர்த்தது. பொய் சொன்னவன் தான் என்பதே ஒரு கணம் மறந்துபோனது. லண்டனே சொல்லிவிட்டான் என்றால்? தான் இட்டுக்கட்டியது நிஜமாகவே நடந்திருந்தால்? பிலோமியைப் பார்த்தான். அவள் முகத்திலும் அதே கேள்வி விளக்கேற்றியது போல நின்றது. மனுவை அவள் பாதி மறைத்துப் பிடித்தாள். வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று அவனுக்குப் பட்டது. ஒரு நிமிஷம் என்று சைகை காட்டிவிட்டு வெள்ளத்துரையைத் தெருமுனைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

“ஏலே, சத்தியமாச் சொல்லு. பேரு வாசிச்சானா?”

வெள்ளத்துரை கையிலிருந்த கிரீஸைக் கைலியில் துடைத்தான். துடைத்த இடத்தையே பார்த்துக்கொண்டு சொன்னான்: “கப்பலு நெசம். ஒங்க ஆளு கப்பலும் ஆளேத்துதாம், அதுவும் நெசம்.”

“பேரு?”

“ஒனக்கு மாஸ்கோ எப்படிச் சொன்னானோ அப்படித்தாம்லே எனக்கும் லண்டன் சொன்னான்.”

லாரன்ஸ் அவனை இழுத்து வந்த பிடியை விட்டான்.

“எந்த ரேடியோக்காரன்லே பேரு வாசிப்பான்? எனக்கா தெரியாது? ஒன் மூஞ்சியப் பாத்தேன், அஞ்சு நாளா செத்த எலி மாதிரி இருக்க. பெரியம்மாவுக்குச் சந்தேகம் வந்துருமேன்னுதான் ஒரு தாங்கு தாங்குனேன்.”

“நல்லாத் தாங்குன போ” என்றான் லாரன்ஸ்.

திரும்பி நடந்தான். அந்த இருபது எட்டுக்குள் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டியும் இருக்கவில்லை. வாசலில் நின்ற பிலோமி அவன் வருவதைப் பார்த்தாள். மனுவை நான்காக மடித்து அவன் சட்டைப் பையில் வைத்தாள்.

“மொத பஸ்ஸு எத்தன மணிக்குண்ணே?” என்றாள்.

மறுநாள் லாரன்ஸ் கலெக்டர் ஆபீஸில் மனுவோடு வரிசையில் நின்றான். வரிசையில் முன்னால் நின்ற ஒருவரின் மகனும் ஏடனில்தான். “ஒங்க ஊர்லதான ரேடியோவுல பேரு வந்துச்சாம்? குடுத்து வச்சவுக” என்று மனுவில் இருந்த ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு அந்த ஆள் லாரன்ஸிடம் சொன்னார். செய்தி விருதுநகர் வரைக்கும் வந்துவிட்டிருந்தது. லாரன்ஸ் அந்த ஊர்ப் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை அசனம் நடந்தது. கோயிலுக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு, அண்டா அண்டாவாகச் சோறு வெந்தது. கறி வாசம் ஊர் எல்லைவரை போனது. கோயிலுக்கு வராத தெருக்காரர்களும் பந்திக்கு வந்தார்கள். வெள்ளத்துரை கரண்டி பிடித்தான். ஞானப்பூ புதுச்சேலை கட்டி, வருகிறவர்களையெல்லாம் கன்னத்தைத் தடவி உட்கார வைத்தாள். பந்திக்கு முந்தி ஐயர் ஜெபம் பண்ணிவிட்டு, “சகோதரர் லாரன்ஸ்” என்றார்.

லாரன்ஸ் எழுந்து நின்றான். நூற்றைம்பது பேர் இலைக்கு முன்னால் உட்கார்ந்து அவனைப் பார்த்தார்கள். பந்தியின் கடைசியில் பிலோமி பிள்ளையைத் தோளில் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் அவனைப் பார்க்கவில்லை. பிள்ளையின் முதுகில் தட்டுகிற கை மட்டும் நின்றுபோயிருந்தது. வாயைத் திறந்தால் கர்த்தருடைய கோயில் வாசலில் பொய். மூடினால் ஞானப்பூவின் முகம்.

“எனக்கு... எனக்கு வாய் வரல ஐயரே. எல்லாரும் மாப்பிளைக்காக ஜெபம் பண்ணிக்கங்க” என்றான். குரல் உடைந்து அழுதுவிட்டான்.

“சந்தோசத்துல பேச்சு வரல பாருங்க, இதைவிடப் பெரிய சாட்சி ஏது?” என்றார் ஐயர். “ஆமென்” என்றது பந்தி. சோறு விழுந்தது. பிலோமி எல்லாருக்கும் முன்னால் உட்கார்ந்து, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். ஒவ்வொரு கவளத்தையும் அவள் எவ்வளவு பாடுபட்டு விழுங்கினாள் என்பது அண்ணனுக்குத் தெரியும். அவனும் அப்படித்தான் விழுங்கிக்கொண்டிருந்தான்.

அதன்பிறகு முப்பத்தொரு நாள். “கப்பல்ல வாறதுன்னா எத்தன நாளுலே ஆகும்?” என்று ஞானப்பூ தினமும் கேட்பாள். “கடல்ல எறக்கம் மேடு பாத்துத்தான வரணும் அத்தை” என்பான் லாரன்ஸ். கடலில் ஏது மேடு என்று அவள் கேட்டதில்லை. வறண்ட கண்மாயையே பார்த்து வளர்ந்தவளுக்குக் கடலும் அப்படித்தான் இருக்கும்போல.

கடிதம் ஒரு வியாழக்கிழமை வந்தது. உறையில் யேசுதாசனின் கையெழுத்து. லாரன்ஸ் வேலை முடிந்து வந்தபோது ஞானப்பூ அதை நெஞ்சோடு பிடித்தபடி வாசலில் நின்றாள். “நீதான் படிக்கணும்னு வச்சிருக்கேன்” என்று நீட்டினாள். அவன் கை நீட்டுவதற்குள் பிலோமி வந்து வாங்கிக்கொண்டாள்.

“நான் படிக்கிறேன்.”

உறையைக் கிழித்து முதலில் மனசுக்குள் படித்தாள். லாரன்ஸ் அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் படித்தான். உயிரோடு இருந்தார். சண்டை நடந்த பதின்மூன்று நாளும் பட்டறை எண்ணெய்க் கிடங்குக்குள் அடைபட்டுக் கிடந்திருக்கிறார். கூடவே ஒரு ரஷ்யாக்கார மெக்கானிக்கும். வெளியே யார் யாரைச் சுடுகிறார்கள் என்று அவனுக்கும் தெரியவில்லையாம். கப்பல்கள் வந்து போனதே எல்லாம் முடிந்தபிறகுதான் அவர்களுக்குத் தெரிந்ததாம். ஆபீஸ் எரிந்ததில் பாஸ்போர்ட்டும் எரிந்துவிட்டது. புதிசு வரும்வரை ஊருக்கு வர வழியில்லை. பட்டறையைத் திறந்துவிட்டார்கள், வேலைக்குப் போகிறார். கடைசியில் எழுதியிருந்தார்: ‘இங்கே யாதொரு பயமும் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.’

பிலோமி அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள்.

“சத்தமாப் படி ஆத்தா” என்றாள் ஞானப்பூ. “கப்பலப் பத்தி என்ன எழுதியிருக்கான்?”

பிலோமி தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

“கப்பல்ல நல்லாக் கவனிச்சாகளாம் அத்தை. சண்ட முடிஞ்சதும் திரும்ப வேலைக்கே கொண்டாந்து விட்டுட்டாகளாம்.”

“நம்ம பஸ்ஸு மாதிரியா?”

“ஆமா அத்தை.”

“யாரு கப்பலாம்? மாஸ்கோவா, லண்டனா?”

பிலோமி தாளைப் புரட்டிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“ரெண்டுலயும் கொஞ்சக் கொஞ்ச தூரம்னு போட்டிருக்காக.”

ஞானப்பூ கைகூப்பினாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு அடுத்ததைக் கேட்டாள்: “அப்ப எப்பத்தான் ஊருக்கு வாரானாம்?”

பிலோமி கடிதத்தை மடித்தாள். இன்னொரு தடவை மடித்தாள். மடிக்க மேற்கொண்டு இடமில்லாமல் போனதும், “அதை அண்ணன் சொல்லும் அத்தை” என்று சொல்லிவிட்டு அழுத பிள்ளையை எடுக்க உள்ளே போனாள்.

ஞானப்பூ அவனை நிமிர்ந்து பார்த்தாள். லாரன்ஸ் வாயைத் திறந்தான்.